பால் காலியாகும், எம்ப்டி ஆகாது

“பால் காலி” என்பது பிழையில்லாத தமிழ். அதை அப்படியே தூக்கி “தி மில்க் இஸ் எம்ப்டி” என்று வைத்தால் ஆங்கிலம் நொண்டுகிறது. கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும், காதில்தான் இடறும். இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினால் விடை கிடைக்காது, ஏனென்றால் எழுவாய், வினை, பெயரடை எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன.

சிக்கல் ‘காலி’யில் இருக்கிறது. அரபியில் பிறந்து உருது வழியாக வந்த இந்தச் சொல்லைத் தமிழ் இரண்டு வேலைக்குப் பழக்கி வைத்திருக்கிறது. டப்பாவும் காலி, டப்பாவில் இருந்ததும் காலி. டேங்க் காலி, பெட்ரோலும் காலி. கோபத்தில் சொன்னால் ஆளே காலி. எம்ப்டிக்கு இதில் முதல் வேலை மட்டும்தான் தெரியும். அதற்கு ‘உள்’ என்று ஒன்று உடைய பொருள் வேண்டும்: குடம், பை, அறை, தெரு, வயிறு. உள்ளே இருந்தது தீர்ந்துபோனால் கலம்தான் எம்ப்டி. தீர்ந்துபோன பொருளைப் பற்றிப் பேச வேறு வழி இருக்கிறது: “வி ஆர் அவுட் ஆஃப் மில்க்”, “வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் பெட்ரோல்”, “தேர் இஸ் நோ ஷுகர் லெஃப்ட்”. கலத்தைச் சொல்ல விரும்பினால் “தி பாட்டில் இஸ் எம்ப்டி” என்று தாராளமாகச் சொல்லலாம்.

பேட்டரி ஒரு விதிவிலக்கு. அதுவும் மின்னேற்றத்தைச் சுமக்கும் கலம்தான். ஆனாலும் பேச்சில் பிரிட்டன்காரர் அதை ‘ஃப்ளாட்’ என்பார், அமெரிக்கர் ‘டெட்’ என்பார். எம்ப்டி என்றால் புரியும், வழக்கமான பேச்சு அது இல்லை.

நம் இன்னொரு சொல்லான ‘வெறும்’ இதைவிட வழுக்கல். அகராதியில் எம்ப்டிக்கு நேரே ‘வெறுமையான’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, வெறும் வரும் இடமெல்லாம் எம்ப்டியைப் போட்டால் பாதி இடத்தில் தப்பாகும். வெறும் என்பது உள்ளே என்ன இல்லை என்று கேட்பதே இல்லை. கூட என்ன இல்லை என்றுதான் கேட்கிறது. வெறும் தண்ணீரில் தண்ணீர் நிறையவே இருக்கிறது, அதில் வேறொன்றும் சேரவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அது ‘பிளெயின்’. வெறுங்காலில் செருப்பு இல்லை, அங்கே ‘பேர்’ வரும். வெறும் வதந்தி ‘மியர்’. வெறும் பத்துப் பேர் வந்தார்கள் என்றால் ‘ஒன்லி’. வெறுங்கையை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு திரும்பினான் என்றால் கையில் எதுவும் கிடைக்காமல் வந்தான், “எம்ப்டி-ஹேண்டட்”. வெறுங்கையால் பாம்பைப் பிடித்தான் என்றால் கையில் உறையோ கழியோ இல்லை, “வித் ஹிஸ் பேர் ஹேண்ட்ஸ்”. தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் முதலாவது கையைக் கலமாகப் பார்க்கிறது, இரண்டாவது கையை மூடப்படாத பரப்பாகப் பார்க்கிறது.

எம்ப்டியே ‘வெறும்’ போல நடந்துகொள்ளும் அபூர்வமான இடமும் ஒன்று உண்டு: எம்ப்டி கலோரி. இதைக் கலோரியே இல்லாத உணவு என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. உண்மையில் அதில் கலோரி முழுசாக இருக்கிறது. சர்க்கரையில் கிராமுக்கு 4 கிலோகலோரி, மதுவில் உள்ள ஆல்கஹாலில் கிராமுக்கு 7. கூட வர வேண்டிய புரதம், வைட்டமின், தாது உப்பு ஆகியவைதான் இல்லை. ‘வெறும் கலோரி’ என்று தமிழில் எழுதினால் பொருள் கச்சிதமாக உட்காரும். ‘வெற்றுக் கலோரி’ என்று எழுதும்போதுதான் வாசகர் பூஜ்யம் என்று நினைத்துக்கொள்கிறார்.

எம்ப்டியின் அண்டை வீட்டுக்காரர்களில் அதிகம் குழப்புவது வேக்கன்ட். எம்ப்டி உள்ளே பார்க்கிறது. வேக்கன்ட் உரியவர் யார் என்று பார்க்கிறது. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் அன்று வரவில்லை என்றால் அவர் நாற்காலி எம்ப்டி. அவர் பதவி விலகினாலோ இறந்துவிட்டாலோ அந்தத் தொகுதி வேக்கன்ட். போப் வெளிநாட்டுப் பயணம் போனால் வத்திக்கானில் அவர் ஆசனம் எம்ப்டி. போப் பிரான்சிஸ் இறந்த 2025 ஏப்ரல் 21 முதல் பதினான்காம் லியோ தேர்வான மே 8 வரை அது வேக்கன்ட். அந்த இடைக்காலத்துக்கு லத்தீனில் ‘சேதே வக்கான்டே’ என்றே பெயர், ஆசனம் உரியவரின்றி இருக்கும் நிலை. அதனால் வேலைக்கு எப்போதும் வேக்கன்ட்தான். “தி போஸ்ட் இஸ் எம்ப்டி” என்று விண்ணப்பக் கடிதத்தில் எழுதினால், முதல் வரியிலேயே எழுதியவரின் ஆங்கிலம் தெரிந்துவிடும்.

வீட்டு விஷயத்தில் இந்த வேறுபாட்டுக்குப் பண மதிப்பே உண்டு. அமெரிக்க வீட்டுக் காப்பீட்டில் வேக்கன்ட் வேறு, அன்ஆக்குபைட் வேறு. குடியிருந்தவர்களும் இல்லை, சாமான்களும் இல்லை என்றால் வேக்கன்ட். ஆட்கள் இல்லை, கட்டில் மேசையெல்லாம் அப்படியே இருக்கிறது, திரும்பி வருவார்கள் என்றால் அன்ஆக்குபைட். வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாட்களுக்கு மேல் வேக்கன்ட்டாக இருந்தால் யாராவது கண்ணாடியை உடைத்தாலோ நாசம் செய்தாலோ இழப்பீடு கிடையாது என்று பல பாலிசிகள் சொல்கின்றன. நீண்ட பயணம் போனவர் படிவத்தில் பொருள் தெரியாமல் வேக்கன்ட் என்று நிரப்பினால் தன் கையாலேயே பாதுகாப்பைக் குறைத்துக்கொள்கிறார். பிரிட்டனில் வீடு விற்கும்போது வரும் “வேக்கன்ட் பொசெஷன்” என்பதும் இதே ரகம்: வாங்குபவருக்குச் சாவி கைமாறும் வேளையில் உள்ளே குடித்தனக்காரரும் இருக்கக் கூடாது, பழைய சாமான்களும் கிடக்கக் கூடாது.

வினையிலும் இதே கோடுதான். ‘வீட்டைக் காலி செய்’ என்பதற்கு இரண்டு ஆங்கிலம். குடியிருப்பவர் வெளியேறுவது ‘வேக்கேட்’, சாமான்களை வெளியே எடுப்பது ‘எம்ப்டி’. முதலில் எம்ப்டி செய்துவிட்டுப் பிறகு வேக்கேட் செய்கிறோம்.

பக்கத்து இருக்கையில் உட்காரலாமா என்று கேட்கும்போது இரண்டுமே வேண்டாம். “இஸ் திஸ் சீட் ஃப்ரீ?” அல்லது “இஸ் திஸ் சீட் டேக்கன்?” என்பதுதான் பேச்சு. இருக்கை எம்ப்டியாக இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. யாராவது இடம் போட்டு வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அதேபோல ‘ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருப்பேன்’ என்பதற்கு “ஐ ஆம் ஃப்ரீ”. “ஐ ஆம் எம்ப்டி” என்றால் துக்கத்தில் உள்ளம் வற்றிப்போனவர் பேசுவது போலிருக்கும்.

ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முன் அப்படிச் சொல்லியிருந்தால் தப்பே இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் ‘ஆம்டிய்’ என்பது போல ஒலித்தது. ஓய்வு என்று பொருள்படும் ஒரு பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. வேலையில்லாமல் ஓய்வாக இருப்பவர், திருமணமாகாதவர் என்றெல்லாம் அதற்குப் பொருள் இருந்தது. ஆள் வேலையில்லாமல் இருப்பதிலிருந்து பாத்திரம் நிரம்பாமல் இருப்பதற்கு அது நகர்ந்தது. வேக்கன்ட்டின் வேரான லத்தீன் ‘வகாரே’யிலும் வெறுமை, ஓய்வு என்ற இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; ‘வேக்கேஷன்’ அதிலிருந்துதான். தமிழும் இதே தடத்தில் நடந்திருக்கிறது. ‘ஒழி’ என்ற வினையைப் பாருங்கள்: அலமாரியை ஒழிக்கிறோம், வீட்டை ஒழித்துக் கொடுக்கிறோம், ஒழிந்த நேரத்தில் படிக்கிறோம், ஓய்வு ஒழிச்சல் இல்லை என்று அலுத்துக்கொள்கிறோம். வெவ்வேறு மூன்று மொழிகளில், வேலையில்லாத பொழுதும் பொருளில்லாத பாத்திரமும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்திருப்பது அழகு.

பழைய வடிவத்தில் ‘ப்’ இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். ‘ம்’ சொல்ல உதடுகள் மூடியிருக்கின்றன, அடுத்து ‘ட்’ சொல்ல நாக்கு தயாராகிறது. மூக்கு வழி அடைபட்ட பிறகு உதடு ஒரு கணம் தாமதித்துத் திறந்தால் நடுவில் தானாகவே ஒரு ‘ப்’ பிறக்கிறது. தாம்சன் என்ற பெயர் தாம்ப்சன் ஆனதும் இப்படித்தான். ஆகவே ‘எம்டி’ என்று ‘ப்’ இல்லாமல் உச்சரிப்பவரைத் திருத்த வேண்டியதில்லை. இயல்பான வேகத்தில் ஆங்கிலேயரே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுதும்போது மட்டும் அந்த எழுத்து கட்டாயம். சரக்குக் கொள்கலன்களிலும் எரிவாயு சிலிண்டர்களிலும் ‘எம்’, ‘டி’ என்ற இரண்டே எழுத்தை எழுதி எம்ப்டி என்று காட்டும் வழக்கமும் இந்த உச்சரிப்பை நம்பித்தான் நடக்கிறது.

மற்ற அண்டை வீட்டார் இவ்வளவு தொந்தரவு தருவதில்லை. பிளாங்க் என்பது பரப்பைப் பார்க்கும். எழுத்தோ படமோ பதிவோ இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பிரெஞ்சில் வெள்ளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, எனவே காகிதம் பிளாங்க், காசோலை பிளாங்க், திரை பிளாங்க். துப்பாக்கியின் பிளாங்க் தோட்டாவில் குண்டு இல்லை, மருந்து உண்டு, நெருக்கத்தில் சுட்டால் ஆளைக் கொல்லவும் செய்யும். ஹாலோ என்பது அமைப்பைப் பார்க்கும். குழாய் நிறையத் தண்ணீர் ஓடினாலும் அது ஹாலோதான். குடிக்கும் கண்ணாடி டம்ளர் எம்ப்டி ஆகுமே தவிர அதை யாரும் ஹாலோ என்பதில்லை. பேர், போர்த்தியிருக்க வேண்டியது இல்லாததைச் சொல்லும்: படம் மாட்டாத சுவர், இலை உதிர்ந்த மரம். வாய்ட் சட்டத்தில் செல்லாதது, வழக்கமாக “நல் அண்ட் வாய்ட்” என்று ஜோடியாக வரும். டிவாய்ட் ஒருபோதும் பெயருக்கு முன்னால் நிற்காது. “டிவாய்ட் ஆஃப்” என்று பின்னால் வந்து ஒரு பண்பின் இன்மையைச் சொல்லும்.

முகத்தைப் பற்றிப் பேசும்போதுதான் இவர்களைப் பிரித்தறிவது சுவாரஸ்யம். கேள்வி புரியாமல் விழித்தால் பிளாங்க் பார்வை. ஆள் இங்கே, மனம் எங்கேயோ, அல்லது மனமே இல்லை என்று தோன்றினால் வேக்கன்ட். உணர்ச்சியெல்லாம் வடிந்து போயிருந்தால் எம்ப்டி. பழைய ஆங்கிலக் கவிதைகளில் வேக்கன்ட் மனம் என்று வந்தால் அதை அசட்டு மனம் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அங்கே அது பெரும்பாலும் கவலையற்று ஓய்ந்திருக்கும் மனம்.

வாக்குறுதியும் மிரட்டலும் ஏன் எம்ப்டி ஆகின்றன? சொல்லை ஒரு கலமாக வைத்து, அதற்குள் இருக்க வேண்டிய சரக்கு செயல் என்று ஆங்கிலம் பார்ப்பதால். “எம்ப்டி த்ரெட்” என்றால் செய்ய முடியாத, அல்லது செய்யும் எண்ணமே இல்லாத மிரட்டல். ‘வெற்று மிரட்டல்’, ‘வாய்ச் சவடால்’ இரண்டும் தமிழில் பொருந்தும். வெற்றிக்கு ஹாலோ வரும், “ஹாலோ விக்டரி”: வெளியே வெற்றி, உள்ளே இழப்பு. சிரிப்புக்கும் ஹாலோதான். இந்த ஜோடிகளுக்கு விதி தேடிப் பயனில்லை, ஜோடியாகவே மனப்பாடம் செய்வதுதான் குறுக்குவழி. “எம்ப்டி வெசல்ஸ் மேக் தி மோஸ்ட் நாய்ஸ்” என்ற பழமொழிக்குக் ‘குறைகுடம் கூத்தாடும்’ என்று எல்லா அகராதியும் ஜோடி சேர்க்கும். கவனித்தால் இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் சத்தம் போடுவது ஒன்றும் தெரியாதவர். நம் பழமொழியில் கொஞ்சம் தெரிந்தவர். நம்முடையதுதான் மனிதர்களைக் கூர்ந்து பார்த்துச் சொன்னது என்று படுகிறது.

பயன்பாட்டில் அதிகம் சறுக்குவது வயிறு. “ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்” என்பது மாறாத தொடர். முன்னால் ‘ஆன்’, நடுவே ‘அன்’. நம் ‘வெறும் வயிற்றில்’ என்ற ஏழாம் வேற்றுமை ‘இன்’ போடத் தூண்டும், அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். மருந்துச் சீட்டில் இது வந்தால் சாப்பிடுவதற்கு 1 மணி நேரம் முன்போ, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தோ என்று பொதுவாகப் பொருள். காலையில் எழுந்ததும் மட்டும்தான் என்று பலர் நினைத்து ஒரு வேளை மருந்தைத் தவறவிடுகிறார்கள். இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வேண்டிய வெறும் வயிறு இதுவல்ல. அது ‘ஃபாஸ்டிங்’, குறைந்தது 8 மணி நேரம், தண்ணீர் தவிர எதுவும் கூடாது.

எது இல்லை என்று சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் எம்ப்டிக்குப் பின் ‘ஆஃப்’ மட்டுமே வரும், ‘வித்’தோ ‘ஃப்ரம்’மோ வராது: “தி ஸ்ட்ரீட்ஸ் வேர் எம்ப்டி ஆஃப் டிராஃபிக்”. ஒப்பிடும்போது எம்ப்டியர், எம்ப்டியஸ்ட். ‘மோர் எம்ப்டி’ குற்றமில்லை, ஆனால் சுருக்கமான வடிவம் இருக்கும்போது எதற்கு? வினையாக வரும்போது ஒரு வேடிக்கை: பெயரடைக்கு இல்லாத சலுகை வினைக்கு உண்டு. வாளியையும் எம்ப்டி செய்யலாம், வாளியில் இருந்த தண்ணீரையும் எம்ப்டி செய்யலாம், அதை எதிலிருந்து அல்லது எதற்குள் என்று சொல்லிவிட்டால் போதும். ஆறு கடலில் எம்ப்டி ஆகிறது என்றும் சொல்வார்கள். அதற்கு ‘காலியாகிறது’ என்று யாராவது மொழிபெயர்த்தால் ஆறு வற்றிவிட்டது என்று அர்த்தமாகிவிடும். கலக்கிறது என்பதே சரி.

இதுவரை சொன்னதெல்லாம் தவறினால் நட்டம் கொஞ்சம்தான். எம்ப்டி என்ற சொல்லால் தீயே பிடிக்கலாம் என்று காட்டும் உதாரணம் மொழியியலில் பிரசித்தம். பெஞ்சமின் லீ வோர்ஃப் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு தீ காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தவர். 1939இல் எழுதி 1941இல் வெளிவந்த கட்டுரையில், பெட்ரோல் பீப்பாய்கள் வைக்கும் இடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று காட்டினார். நிரம்பிய பீப்பாய்களுக்கு அருகில் எல்லோரும் பயபக்தியோடு இருக்கிறார்கள். எம்ப்டி என்று சொல்லப்படும் பீப்பாய்களுக்கு அருகில் புகைக்கிறார்கள், சிகரெட் துண்டுகளை வீசுகிறார்கள். ஆபத்து நேர்மாறாக இருக்கிறது. திரவப் பெட்ரோல் தானாக எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். நிரம்பிய பீப்பாயில் ஆவிக்கு இடமும் இல்லை, அந்தக் கலவைக்கு வேண்டிய காற்றும் இல்லை. அடியில் கொஞ்சம் ஈரம் தங்கிய பீப்பாயில் இரண்டும் உண்டு. எம்ப்டிக்கு ‘ஒன்றுமில்லை, தீங்கற்றது’ என்ற பொருளும் ‘திரவம் எடுக்கப்பட்டது’ என்ற பொருளும் இருப்பதால், இரண்டாவதைச் சொல்லும்போது மனம் முதலாவதைக் கேட்கிறது என்பது வோர்ஃபின் வாதம். மொழி சிந்தனையை எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்ற அவருடைய பெரிய கோட்பாட்டை ஏற்காதவர்களும் உண்டு. பீப்பாய்க்கு அருகில் பீடி வேண்டாம் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. பழைய பீப்பாயை வெட்டவோ பற்றவைக்கவோ போகும் வெல்டருக்கு இது இன்றும் உயிர்ப் பிரச்சினை.

சட்டம் இந்தச் சொல்லை நம்புவதில்லை, அளந்து கொடுக்கிறது. அமெரிக்காவின் அபாயக் கழிவு விதிகளின்படி, வழக்கமான முறையில் கொட்டவோ உறிஞ்சவோ முடிந்ததையெல்லாம் எடுத்த பிறகு அடியில் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் எச்சம் இல்லாவிட்டால் கொள்கலன் எம்ப்டி. 119 கேலன் வரை கொள்ளும் சிறிய கலங்களுக்கு மொத்தக் கொள்ளளவின் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டாத எச்சம் இருக்கலாம். கொடிய நச்சு இருந்த கலமாக இருந்தால், பொதுவாகத் தகுந்த கரைப்பானால் மூன்று முறை அலசிய பிறகே எம்ப்டி என்று பெயர் பெறும். விமானத்தின் ‘எம்ப்டி வெயிட்’ இன்னும் விசித்திரம். அதில் இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் திரவம், நிரந்தரமாகப் பொருத்திய எடைக்கற்கள், டேங்கின் மூலையில் தங்கி இன்ஜினுக்குப் போக முடியாத எரிபொருள் எல்லாம் அடக்கம். விமான எரிபொருள் மானியும் அந்தத் தங்கிப்போன எரிபொருள் மட்டும் மிஞ்சும்போதே பூஜ்யம் காட்ட வேண்டும் என்பது விதி. தொழில்நுட்ப ஆவணத்தை மொழிபெயர்க்கும்போது இங்கே ‘காலி’ என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. எதை விலக்கிய எடை என்பதைப் பக்கத்திலேயே விளக்க வேண்டும்.

ஒன்றுமே இல்லாத எம்ப்டியைக் கணிதத்தில்தான் பார்க்க முடியும். வெற்றுக் கணத்தில், அதாவது ‘எம்ப்டி செட்’டில், ஓர் உறுப்பும் கிடையாது. வட்டத்தைக் கோடு வெட்டும் அதன் குறியீட்டை நார்வே மொழி எழுத்திலிருந்து எடுத்தவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆந்த்ரே வெய்ல்; பூர்பாக்கி என்ற புனைபெயரில் எழுதிய கணிதவியலாளர் குழுவின் நூலில் 1939இல் அச்சேறியது. பூஜ்யத்தை உறுப்பாக உடைய கணம் வெற்றுக் கணம் அல்ல, அதில் ஓர் உறுப்பு இருக்கிறது. வெற்றுக் கணத்தையே உறுப்பாக உடைய கணமும் வெறுமையானது அல்ல. காலிப் பெட்டி ஒன்றை உள்ளே வைத்த பெட்டியில் ஒரு பெட்டி இருக்கிறது. கணினி நிரலிலும் ‘எம்ப்டி ஸ்டிரிங்’, ‘நல்’ இரண்டும் இப்படித்தான் வேறுபடுகின்றன. முதலாவது நீளம் 0 உள்ள எழுத்துத் தொடர், இரண்டாவது மதிப்பே கொடுக்கப்படாத நிலை. நடுப்பெயர் இல்லாதவர் ஒருவர், நடுப்பெயர் என்ன என்று நாம் கேட்கவே இல்லாதவர் இன்னொருவர். ஆரக்கிள் தரவுத்தளம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும்; வேறு தரவுத்தளத்திலிருந்து அங்கே தரவை மாற்றுபவர்களுக்கு இந்த இடத்தில்தான் கணக்கு இடிக்கும்.

அதே வெறுமையில் இன்னொரு பொறி. உறுப்பே இல்லாத தொகுப்பில் உள்ள ‘எல்லாம்’ பற்றி எதைச் சொன்னாலும் அது உண்மையாகிவிடும். இந்த அறையில் யானையே இல்லை என்றால், இந்த அறையில் உள்ள யானைகள் எல்லாம் நீல நிறம் என்பது தர்க்கப்படி உண்மை. இதைத்தான் “வாக்குவஸ்லி ட்ரூ” என்கிறார்கள். பைத்தான் மொழியில் காலிப் பட்டியலை ‘ஆல்’ என்ற செயற்கூறுக்குக் கொடுத்தால் ‘ட்ரூ’ வரும், ‘எனி’க்குக் கொடுத்தால் ‘ஃபால்ஸ்’ வரும். ஒப்புதல் தர வேண்டிய எல்லோரும் ஒப்புதல் தந்துவிட்டார்களா என்று சரிபார்க்கும் நிரலில், ஒப்புதல் தருவோர் பட்டியல் தவறுதலாக நிரப்பப்படாமல் போனால் கோப்பு தடையில்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விடும். பட்டியல் எம்ப்டியா என்ற சோதனையை அதற்கு முந்தின வரியில் வைக்க வேண்டும்.